ஐந்து பவுணும் ஒரு வால்வும்: பிராங்க் விற்றிலின் வாழ்க்கைக் கணக்கு

1935 ஜனவரியில் பிரித்தானிய விமானப்படையின் இளம் அதிகாரி ஒருவருக்குக் காப்புரிமை ஒன்றைப் புதுப்பிக்கும் தவணை வந்தது. கட்டவேண்டிய தொகை ஐந்து பவுண். அப்போது அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். சம்பளம் மாதக் கடைசிக்கு இழுபறி. அந்த ஐந்து பவுணைக் கட்ட விமானத்துறை அமைச்சு மறுத்தது. அவராலும் கட்ட முடியவில்லை. காப்புரிமை காலாவதியாகிப் போனது.

அந்தக் காப்புரிமை ஜெற் இயந்திரத்துக்குரியது. அந்த அதிகாரியின் பெயர் பிராங்க் விற்றில்.

நாம் வணிகவியல் படித்து, அகதியாக வந்த நாட்டில் பிறருடைய கணக்குப் புத்தகங்களை எழுதி வாழ்கிறவர்கள். இயந்திரம் நமது தொழில் அல்ல. ஆனாலும் ஒரு மனிதனின் உழைப்பு எந்தப் பத்தியில் வரவாகிறது, எந்தப் பத்தியில் காணாமற் போகிறது என்பது நமக்குப் புரிகிற விடயம். அத்துடன் நம்மவரில் பெரும்பாலானோர் நாட்டை விட்டு வந்தது விற்றில் கண்ட இயந்திரத்தின் வழித்தோன்றல் ஒன்று தூக்கிய விமானத்தில்தான். அதே இயந்திரக் குடும்பம் இன்று போர்க்கப்பல்களையும் ஓட்டுகிறது. அந்த இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் முதற் பிரச்சினையாக இருந்தது ஒன்றுதான்: நெருப்புக்கு எண்ணெயை எப்படி அளந்து ஊட்டுவது, தேவைப்படும்போது எப்படி நிறுத்துவது. விற்றிலின் வாழ்க்கையை அந்த எண்ணெய்க் குழாய் வழியாகப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

உயரம் போதாத பையன்

விற்றில் 1907 ஜூன் 1 ஆம் திகதி கொவென்றி நகரில் பிறந்தார். தந்தை மோசஸ் விற்றில் ஒரு மெக்கானிக். 1916 இல் குடும்பம் லீமிங்டன் ஸ்பாவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே தந்தை வால்வுகளும் பிஸ்டன் வளையங்களும் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை வாங்கினார். சில கடைச்சல் இயந்திரங்கள், ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம் ஒன்று, இவைதான் சொத்து. பள்ளி முடிந்த நேரங்களில் பிள்ளை பட்டறையில் வேலை செய்தான். நூலகத்தில் விமானங்களையும் சுழலிகளையும் பற்றிய புத்தகங்களைத் தேடித் தேடி வாசித்தான்.

1923 ஜனவரியில் விமானப்படைப் பயிலுநர் தேர்வில் சித்தியடைந்தான். ஆனால் உடற்பரிசோதனையில் தள்ளப்பட்டான். ஐந்தடி உயரம் போதாது, மார்பும் சிறியது. அனுதாபப்பட்ட உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் உணவு முறையும் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் உயரத்திலும் மார்பிலும் மும்மூன்று அங்குலம் கூடியது. மீண்டும் விண்ணப்பித்தபோது, ஒருமுறை தள்ளப்பட்டவருக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடையாது என்று விதியைக் காட்டினார்கள். பிள்ளை வேறு பெயரில் விண்ணப்பித்து உள்ளே போய்விட்டான். விண்ணப்பப் படிவங்களுக்கு முன்னால் நின்று பழகிய நம் வாசகர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

மூன்றாண்டுப் பயிற்சியில் கணிதத்தில் தனித்துத் தெரிந்ததால் 1926 இல் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்கு அதிகாரிப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டார். அக்காலத்தில் சாதாரணப் பயிலுநர் ஒருவர் அந்தப் படியைத் தாண்டுவது அரிது. 1928 இல், 21 வயதில், அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை விமான வடிவமைப்பின் எதிர்காலம் பற்றியது. வேகமாகவும் தூரமாகவும் பறக்க வேண்டுமானால் காற்று மெலிந்திருக்கும் மிக உயரத்துக்குப் போக வேண்டும். அங்கே பிஸ்டன் இயந்திரமும் சுழல்விசிறியும் மூச்சுத் திணறும். வேறொரு இயந்திரம் வேண்டும். இதுதான் அதன் சாரம். அன்றைய போர்விமானங்கள் மணிக்கு 200 மைலைத் தொடவே சிரமப்பட்டன. இவர் 500 மைல் பற்றிக் கணக்குப் போட்டார்.

ஒரு தள்ளுபடி

அடுத்த ஆண்டு விற்றரிங் என்ற இடத்தில் பயிற்றாசிரியர் பாடநெறியில் இருந்தபோது விடை கிடைத்தது. காற்றை உள்ளிழுத்து ஓர் அமுக்கியால் நெருக்கு; நெருக்கிய காற்றில் எண்ணெயை எரி; விரியும் சூடான வாயு ஒரு சுழலியைச் சுற்றட்டும்; அந்தச் சுழலி அமுக்கியைச் சுற்றட்டும்; மிஞ்சிய வாயு பின்பக்கமாகப் பீறிட்டு விமானத்தை முன்னே தள்ளட்டும். பொறியியலாளர்கள் காஸ் ரேர்பைன் என்று சொல்லும் வாயுச்சுழலி அதற்கு முன்பே தெரிந்த ஒன்றுதான். ஆனால் பெரும்பாலும் அது தன்னைத் தானே சுற்றிக்கொள்ளவே திணறியது. அதை விமானத்தைத் தள்ளும் தாரையாக்கலாம் என்று கணக்கோடு காட்டியதுதான் விற்றிலின் பங்கு.

விமானத்துறை அமைச்சு அந்த யோசனையை ஏ.ஏ. கிரிபித் என்ற அறிஞரிடம் அனுப்பியது. கிரிபித் சாதாரணமானவர் அல்லர். உலோகங்கள் ஏன் வெடித்து உடைகின்றன என்ற கோட்பாட்டுக்கு இன்றும் அவர் பெயர் உண்டு. வாயுச்சுழலி பற்றித் தாமும் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் விற்றிலின் கணக்கில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டி, இது நடைமுறைக்கு உதவாது என்று எழுதிவிட்டார். விற்றில் 1930 ஜனவரியில் தம் பெயரிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அமைச்சுக்கு அக்கறை இல்லாததால் அதை இரகசியமாக வைத்திருக்கவும் எவரும் சொல்லவில்லை. உலகில் எவரும் அதை எடுத்து வாசிக்கலாம் என்ற நிலை.

விமானப்படை அவரது மூளையை மட்டும் வீணாக்கவில்லை. பொறியியல் பாடநெறிக்கும், பிறகு கேம்பிரிட்ஜ் பீற்றர்ஹவுஸ் கல்லூரிக்கும் அனுப்பியது. 1936 இல் முதல் வகுப்பில் சித்தியடைந்தார். இதற்கிடையில்தான் ஐந்து பவுண் கட்டப்படாமல் போனது.

இரண்டாயிரம் பவுண் கம்பனி

1935 மே மாதம் பழைய கிரான்வெல் தோழர் ரொல்ப் டட்லி வில்லியம்ஸிடமிருந்து கடிதம் வந்தது. ரின்லிங் என்ற இன்னொரு முன்னாள் விமானப்படைக்காரரும் அவருடன் சேர்ந்திருந்தார். இருவரும் முதலீட்டாளர் தேடி அலைந்து, போல்க் அன் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தைப் பிடித்தார்கள். 1936 மார்ச்சில் பவர் ஜெற்ஸ் என்ற கம்பனி பதிவாயிற்று.

அதன் மூலதன ஏற்பாட்டை நம் தொழிற்கண்ணோடு பார்க்கலாம். விற்றிலும் நண்பர்கள் இருவரும் 49 வீதத்தை வைத்துக்கொள்வார்கள். முதலீட்டு நிறுவனம் உடனடியாக 2,000 பவுண் போடும். 18 மாதங்களுக்குள் விரும்பினால் இன்னும் 18,000 பவுண் போடலாம். அந்த விரும்பினால் என்ற சொல்லில்தான் எல்லாமே தொங்கியது. விற்றில் படையில் சேவையில் இருக்கும் அதிகாரி என்பதால், அவருக்குரிய பங்கில் கால்வாசி அரசுக்குச் சேரும் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. கம்பனியின் கௌரவ தலைமைப் பொறியியலாளராக அவர் வாரத்துக்கு ஆறு மணித்தியாலங்களுக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பதும் நிபந்தனை. ஒரு சதமும் போடாமல் கால் பங்கு வாங்கிய அரசு, கண்டுபிடித்தவனின் நேரத்துக்கும் அளவு வைத்தது.

எதிர்பார்த்த 18,000 முழுமையாக வரவேயில்லை. இயந்திரத்தைச் செய்து கொடுத்த பிரிட்டிஷ் தொம்சன் ஹூஸ்டன் நிறுவனம் 1938 தொடக்கத்தில் 2,500 பவுண் போட்டது. அதே ஆண்டு மார்ச்சில் விமானத்துறை அமைச்சு 5,000 பவுண் ஒப்பந்தம் ஒன்று தந்தது. அதனுடன் அரச இரகசியச் சட்டமும் வந்து சேர்ந்ததால் வெளியில் எவரிடமும் விவரம் சொல்லிப் பணம் திரட்டவும் முடியாமற் போயிற்று. ஒரு சிறு வியாபாரத்தைக் கடனாலும் நம்பிக்கையாலும் இழுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த மூச்சுத் திணறல் நன்றாகத் தெரியும். பழுதான பாகத்தைத் தூக்கி எறிந்து புதிதாகச் செய்ய வேண்டிய இடத்தில், பழையதையே ஒட்டி மீண்டும் பூட்டினார்கள்.

நெருப்புக்கு எண்ணெய் ஊட்டுதல்

அமுக்கியும் சுழலியும் கடினமானவை. ஆனால் அவற்றைச் செய்ய ஆட்கள் இருந்தார்கள். எவருக்கும் அனுபவம் இல்லாத இடம் எரிகலம். அதுவரை உலகம் அறிந்த உலைகளில் காற்று மெதுவாகப் போகும், நெருப்பு ஆறுதலாக எரியும். விற்றிலுக்கு வேண்டியது ஒரு சிறிய பாத்திரத்துக்குள், புயல் வேகத்தில் ஓடும் காற்றுக்கு நடுவில், அணையாமல் ஒரே சீராக எரியும் நெருப்பு. ஒரு கண்காட்சியில் உலை செய்யும் நிறுவனங்களின் கூடங்களுக்கெல்லாம் போய்க் கேட்டார். பலர் முடியாது என்று கையை விரித்தார்கள். ஸ்கொட்லாந்தின் லேட்லோ ட்ரூ என்ற சிறிய நிறுவனம் மட்டும் முயன்று பார்ப்போம் என்றது.

1937 ஏப்ரல் 12 ஆம் திகதி ரக்பி நகரத் தொழிற்சாலையில் இயந்திரம் முதன்முறையாக இயக்கப்பட்டது. மின்மோட்டரால் சுழற்றி, சிறு தீயை மூட்டி, பிரதான எரிபொருள் வால்வை விற்றில் மெல்லத் திறந்தார். இயந்திரம் ஊளையிடத் தொடங்கியது. ஊளை உயர்ந்துகொண்டே போனது. எரிகலத்தின் வெளிப்புறம் இடையிடையே சிவந்தது. அவர் வால்வை மூடினார். இயந்திரம் நிற்கவில்லை, இன்னும் வேகம் பிடித்தது. சுற்றி நின்றவர்கள் ஓடினார்கள். விற்றில் கட்டுப்பாட்டுப் பலகையிலேயே நின்றார். பிறகு அது தானாக அடங்கியது.

என்ன நடந்தது? இயக்கத்துக்கு முன் குழாய்களில் இருந்த காற்றை வெளியேற்றப் பம்பியை ஓட்டிப் பார்த்தபோது எண்ணெய் கசிந்து எரிகலத்தின் அடியில் குளம்போலத் தேங்கியிருந்தது. தீ மூண்டதும் அந்தக் குளமும் எரியத் தொடங்கியது. வால்வு மூடப்பட்டது உண்மை. ஆனால் இயந்திரம் உண்டுகொண்டிருந்தது வால்வு வழியாக வந்த எண்ணெயை அல்ல, ஏற்கனவே உள்ளே இருந்ததை. அது தீர்ந்த பிறகுதான் நின்றது. தேங்கும் எண்ணெய் வெளியேற வடிகுழாய் ஒன்று பொருத்தினார்கள். இந்தச் சிறு குழாயை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விற்றில் முதலில் நம்பிய முறை எண்ணெயை ஆவியாக்கி எரிப்பது. நெருப்பின் நடுவே ஓடும் சிறு குழாய்களில் எண்ணெய் சூடாகி, ஆவியாக வெளிவந்து எரிய வேண்டும். இதை நம்மவருக்கு விளக்கப் பெரிய பாடம் தேவையில்லை. பெற்றோமக்ஸ் விளக்கு இதே கொள்கைதான். கிண்ணத்தில் ஸ்பிரிற் ஊற்றிக் குழாயை முதலில் சூடாக்க வேண்டும். சூடு போதாமல் மண்ணெண்ணெயைத் திறந்தால் திரவமாகவே பீறிட்டு விளக்கு முழுவதும் தீப்பிடிக்கும். சூடு கூடினால் குழாய்க்குள் கரி படிந்து துவாரம் அடைபடும், ஊசியால் குத்த வேண்டும். கலியாண வீட்டுப் பந்தலில் பெற்றோமக்ஸ் கொளுத்தும் பெரியவர் பட்ட பாட்டைத்தான், ஆயிரம் மடங்கு வேகத்தில், விற்றிலும் பட்டார். பொருளாதாரத் தடைக் காலத்தில் நாலு துளி பெற்றோலால் மூட்டி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய யாழ்ப்பாணத்தவருக்கு, எண்ணெய் எந்த நிலையில் நெருப்பை அடைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே நேரத்தில் யேர்மனியில் ஹான்ஸ் வொன் ஓஹைன் என்ற இளம் பௌதிகவியலாளரும் ஜெற் இயந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அவர் முதல் சோதனையில் எண்ணெய்ப் பிரச்சினையைக் கெட்டித்தனமாகத் தள்ளிவைத்தார். ஹைட்ரஜன் வாயுவை எரித்தார். வாயு தேங்காது, கரி படியாது. இயந்திரம் சுழலும் என்று காட்டி ஹைங்கல் நிறுவனத்தின் முழு ஆதரவையும் பெற்ற பிறகு, எண்ணெய்க்கு மாறினார். பணமும் பின்னால் ஒரு பெரிய தொழிற்சாலையும் இருந்ததால் 1939 ஓகஸ்ட் 27 ஆம் திகதி உலகின் முதல் ஜெற் விமானம் யேர்மனியில் பறந்தது.

விற்றிலின் பட்டறை 1938 இல் லற்றர்வேர்த் என்ற ஊரில் கைவிடப்பட்ட உருக்குப் பட்டறைக்கு மாறியது. சுழலியின் அலகுகள் உடைந்தன. இயந்திரம் மூன்று முறை மாற்றிக் கட்டப்பட்டது. ஒற்றை எரிகலத்துக்குப் பதில் பத்துச் சிறிய எரிகலங்கள் வந்தன. ஆனாலும் ஆவியாக்கும் குழாய்கள் வளைவதும் அடைவதும் நிற்கவில்லை. விடை 1940 இல் ஷெல் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. ஐசாக் லபொக் என்பவர் எண்ணெயை ஆவியாக்காமல், உயர் அழுத்தத்தில் நுண் துவாரத்தின் வழியே சுழற்றித் தெளித்துப் பனிப்புகைபோல ஆக்கும் நொசில் ஒன்றைச் செய்திருந்தார். தமது முறையில் பல ஆண்டு உழைத்திருந்த விற்றில், அடுத்தவருடைய முறை நல்லது என்று கண்டதும் தயங்காமல் மாறினார். அடுத்த ஆண்டே விமானம் பறந்தது.

பதினேழு நிமிடங்கள்

1941 மே 15 ஆம் திகதி மாலை, விற்றில் பயின்ற அதே கிரான்வெல்லில், குளோஸ்ரர் நிறுவனத்தின் சிறிய விமானம் ஜெரி சேயர் என்ற விமானியோடு மேலெழுந்தது. 17 நிமிடங்கள் பறந்து இறங்கியது. ஜெற் இயந்திரத்தால் இயங்கும் விமானம் ஒன்று பிரித்தானிய வானில் பறந்தது அதுவே முதல் தடவை. ஐந்து பவுண் கட்டப்படாமல் ஆறு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகியிருந்தன.

அதன் பிறகு வந்த ஆண்டுகள் அவரைத் தின்றன. உற்பத்தியை அரசு ரோவர் கார்க் கம்பனியிடம் கொடுத்தது. ரோவர் பொறியியலாளர்கள் வடிவமைப்பைத் தம் பாட்டுக்கு மாற்ற, சண்டை மூண்டு இரண்டு ஆண்டுகள் வீணாயின. 1943 தொடக்கத்தில் ரோல்ஸ் ரொய்ஸ் அந்த வேலையைக் கையேற்ற பிறகே வேகம் வந்தது. 1944 ஜூலையில் மீற்றியர் ஜெற் விமானங்கள் படைக்கு வந்தன. இதற்குள் இயந்திரம் ஒன்று 1941 இலேயே அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டிருந்தது. ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தின் ஜெற் இயந்திரத் தொழில் அந்தப் பெட்டியைத் திறந்ததிலிருந்து ஆரம்பித்தது.

விற்றில் பகலில் விழித்திருக்க ஒரு மருந்தும், இரவில் உறங்க இன்னொரு மருந்தும் எடுத்தார். நாளுக்கு மூன்று பெட்டி சிகரெற் புகைத்தார். உடல் ஒன்பது ஸ்ரோனுக்கு இறங்கியது. நரம்புத் தளர்ச்சியால் வைத்தியசாலையில் பலமுறை படுத்தார்.

பங்குகள் எங்கே போயின

இனி வருவது கணக்காளர் ஒருவர் இரண்டு முறை வாசிக்கும் பகுதி.

விற்றில் அரசியலில் சோசலிசப் பக்கம் சாய்ந்தவர். மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்த ஜெற் தொழில் தனியார் கைகளுக்குப் போகக் கூடாது, முழுத் தொழிலையும் அரசுடைமையாக்க வேண்டும் என்று அமைச்சர் ஸ்ரபோர்ட் கிரிப்ஸுக்கு யோசனை சொன்னார். அமைச்சர் யோசனையில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். பெரிய நிறுவனங்கள் எதையும் தொடவில்லை. பவர் ஜெற்ஸ் ஒன்றை மட்டும் 1944 இல் 135,500 பவுணுக்கு அரசுடைமையாக்கினார். முழுத் தொழிலும் பொதுவுடைமையாகும் என்று நம்பிய விற்றில், ஏறத்தாழ 47,000 பவுண் பெறுமதியான தம் பங்குகளை அதற்கு முன்பே பணம் வாங்காமல் ஒப்படைத்திருந்தார். மற்றைய பங்குதாரர்கள் பணம் பெற்றார்கள். இயந்திரத்தைக் கண்டவர் முதலில் எதுவும் பெறவில்லை. பின்னர் 10,000 பவுண் கொடுத்தார்கள்.

அரசுடைமையான கம்பனி இயந்திரங்களைத் தானே வடிவமைத்துச் செய்யக் கூடாது, ஆராய்ச்சி மட்டும் செய்யலாம் என்று தீர்மானமானபோது 1946 ஜனவரியில் விற்றில் விலகினார். அவருடன் பதினாறு பொறியியலாளர்களும் விலகினார்கள். 1948 இல் ஒரு அரச ஆணைக்குழு அவருக்கு வரியில்லாத 100,000 பவுண் வெகுமதி அளித்தது. அதே ஆண்டு சேர் பட்டமும் வந்தது. உடல்நிலை காரணமாக விமானப்படையிலிருந்து ஓய்வும் வந்தது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் இறுதியில் அவருக்குப் பெருந்தொகை கிடைத்தது என்று சிலர் வாதிடலாம். தொகை சரி. ஆனால் கணக்கில் நேரம் என்றொரு பத்தி உண்டு. 1937 இல் 18,000 பவுண் கிடைத்திருந்தால் அதன் பெறுமதி வேறு. போர் முடிந்த பிறகு வந்த 100,000 பவுண், பழைய பாகங்களை ஒட்டிப் பூட்டிய அந்த ஆண்டுகளைத் திருப்பித் தரவில்லை. உரிமையாகக் கிடைக்க வேண்டியதை வெகுமதியாகப் பெறுவதும் வேறு ஒரு விடயம். உரிமை என்றால் எவருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஊரில் உறுதிப் பத்திரத்தோடு காணி வைத்திருந்து, பின்னாளில் நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும்.

கடலுக்கு இறங்கிய இயந்திரம்

விற்றிலின் கம்பனியிலிருந்து உருவான அரச நிறுவனம்தான் தேசிய வாயுச்சுழலி ஆய்வு நிலையம். பைஸ்ரொக் என்ற இடத்தில் அது பல பத்தாண்டுகள் இயங்கியது. விமான இயந்திரங்களோடு, கடற்படையின் கப்பல் இயந்திரங்களும் அங்கே சோதிக்கப்பட்டன.

வாயுச்சுழலி முதலில் கடலில் ஓடியது 1947 இல். எம்ஜிபி 2009 என்ற பிரித்தானியப் பீரங்கிப் படகில் மெட்ரோபொலிட்டன் விக்கர்ஸ் நிறுவனத்தின் விமான ஜெற் ஒன்று மாற்றியமைக்கப்பட்டுப் பொருத்தப்பட்டது. அந்த இயந்திரம் விற்றிலின் வடிவமைப்பு அல்ல. முன்பு அவரைத் தள்ளுபடி செய்த கிரிபித் தொடக்கி வைத்த இன்னொரு வழியில் வந்தது. ஆனால் எரிபொருளைத் தெளித்து எரிப்பதன் பாடங்கள் அப்போது எல்லோருக்கும் பொதுவாகியிருந்தன. 1970களில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் முழுக்க வாயுச்சுழலியில் ஓடும் போர்க்கப்பல்களைக் கட்டின. ஜெனரல் எலெக்ரிக்கின் எல்எம் 2500 என்ற இயந்திரம் பல நாட்டுக் கடற்படைகளுக்குப் போனது. 2004 இல் சேவைக்கு வந்த குயின் மேரி 2 பயணிகள் கப்பலிலும், டீசல் இயந்திரங்களோடு, புகைபோக்கிக்குக் கீழே அதன் பெரிய வகை இரண்டு இருக்கின்றன.

கப்பலில் எண்ணெய்ப் பிரச்சினைக்கு இன்னொரு முகம் உண்டு. அது உப்பு. கடற்காற்றிலும் உப்பு, தாங்கியில் புகும் நீரிலும் உப்பு. சில போர்க்கப்பல்களில் எண்ணெய் குறையக் குறையக் கப்பல் நிலை தளம்பாமல் இருக்கக் கடல்நீரையே தாங்கிக்குள் விடுவார்கள். எண்ணெய் மேலே மிதக்கும், நீர் கீழே நிற்கும். உப்பிலுள்ள சோடியமும் எண்ணெயிலுள்ள கந்தகமும் உயர் வெப்பத்தில் சேர்ந்தால் சுழலியின் அலகுகளை அரித்துத் தின்னும். ஆகவே எண்ணெய் நேராக இயந்திரத்துக்குப் போவதில்லை. சேமிப்புத் தாங்கியிலிருந்து எடுத்து, சுழற்றிச் சுத்திகரித்து, நீர்த் துளிகளை ஒன்றுசேர்த்துப் பிரிக்கும் வடிகளில் வடித்து, நாளாந்தப் பாவனைத் தாங்கிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து மீண்டும் வடி, பம்பி, பிறகு அளவுக் கட்டுப்பாடு.

அந்த அளவுக் கட்டுப்பாடுதான் இயந்திரத்தின் கணக்காளர். மாலுமி வேகம் கேட்டவுடன் எண்ணெயை அள்ளி ஊற்றக் கூடாது. காற்று ஈடுகொடுக்காமல் எண்ணெய் கூடினால் அலகுகள் உருகும், அமுக்கி திணறும். திடீரென்று குறைத்தால் தீ அணைந்துவிடும். காற்றின் அழுத்தம், வெப்பம், சுழலும் வேகம் எல்லாம் பார்த்து, இந்தக் கணம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் அனுமதிக்கும். எல்எம் 2500 இல் அந்த எண்ணெய் கடைசியில் முப்பது நொசில்களால் வளையமாகத் தெளிக்கப்படுகிறது.

இன்னும் இரண்டு சிறு விடயங்கள். எண்ணெயை நிறுத்த அங்கே ஒரு வால்வு போதாதென்று ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வால்வுகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று மூட மறுத்தாலும் மற்றது மூடும். இயந்திரத்தை இயக்க முயன்று தீப்பற்றாமற் போனால், உடனே மறுபடி மூட்ட விடமாட்டார்கள். உள்ளே எண்ணெய் தேங்கியிருக்கும் என்பதால் வடிகுழாயால் வடியவிட்டு, இயந்திரத்தை வெறுங்காற்றில் சுழற்றி ஊதித் துப்புரவாக்கிய பிறகே அடுத்த முயற்சி. 1937 ஏப்ரலில் ரக்பியில் எல்லோரும் ஓட, ஒருவர் மட்டும் நின்று பார்த்த பாடம் இன்றும் இயந்திர அறைகளில் விதியாக இருக்கிறது. அதை அன்றாடம் செய்கிற மாலுமிகளில் எத்தனை பேர் அவர் பெயரை நினைப்பார்கள்?

கடைசிப் பத்தி

ஓய்வுக்குப் பிறகு விற்றில் பிரித்தானிய விமானப் பயணச் சேவைக்கு ஆலோசகராக இருந்தார். பின்னர் ஷெல் நிறுவனத்துக்காக, எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்று நீரின் விசையாலேயே சுழலும் துளைகருவி ஒன்றை வடிவமைத்தார். ஒருகாலத்தில் அவரது நெருப்புக்கு நல்ல நொசில் தந்த நிறுவனத்துக்கு அவர் ஒரு சுழலியைத் திருப்பிக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

1976 இல், 69 வயதில், அமெரிக்காவில் குடியேறினார். முதல் மணம் முறிந்து அங்கே மறுமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டிலிருந்து அனாபொலிஸ் நகரில் உள்ள அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் ஆய்வுப் பேராசிரியராக இருந்தார். தம் நாட்டு அமைச்சு இரண்டு தடவை கைவிட்ட மனிதரை வேறொரு நாட்டுக் கடற்படை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அழைத்தது.

வொன் ஓஹைனை விற்றில் முதலில் ஐயத்தோடுதான் பார்த்தார். இரகசியமாக வைக்கப்படாத தம் காப்புரிமையைப் பார்த்துத்தான் யேர்மனி செய்ததோ என்ற மனக்குறை நீண்டகாலம் இருந்தது. அவரும் அமெரிக்காவில் குடியேறியவர். பேசிப் பழகியபின் நண்பர்களானார்கள். 1991 இல் பொறியியலுக்கான உயர்ந்த பரிசுகளில் ஒன்றான டிரேப்பர் பரிசு இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. போரில் எதிரெதிராக நின்ற இரண்டு நாட்டவர், மூன்றாம் நாடொன்றில் முதியவர்களாக ஒரே மேடையில் நின்றார்கள்.

விற்றில் 1996 ஓகஸ்ட் 9 ஆம் திகதி மேரிலாந்து மாநிலத்தின் கொலம்பியா நகரில் தம் வீட்டில் காலமானார். அவரது சாம்பல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, கிரான்வெல் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. உயரம் போதாதென்று திருப்பி அனுப்பப்பட்ட பையன், வேறு பெயரில் நுழைந்து, பயின்று, பறக்கவும் காட்டிய அதே இடம்.

நமது தொழிலில் செலவு எழுதப்படும், வரவு எழுதப்படும், கட்டாமல் விட்ட தொகை எழுதப்படுவதில்லை. அதற்கு வவுச்சர் கிடையாது. அந்த ஐந்து பவுணை எந்த அமைச்சின் எந்தப் புத்தகத்திலும் நட்டமாக எவரும் பதிந்திருக்க மாட்டார்கள். நம் சமூகத்திலும் ஒரு பிள்ளை புதிதாக ஒன்றைச் சொல்லும்போது, ஒரு சிறு தொகை கேட்டு வரும்போது, நாம் மறுப்பது ஒரு கணக்கிலும் வராது. ஆனால் அதன் விலையை எவரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் கட்டுகிறார்.